வரப்பும் கட்டமும்: ட்ரீமேப் படத்தின் வரலாறு

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில், ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் வரும் ஊர் ரெட்டியார்சத்திரம். இங்கும் சரி, தமிழ்நாட்டின் வேறு எந்த ஊரிலும் சரி, ஒரு குடும்பத்தின் நிலம் பிள்ளைகளுக்குப் பிரியும்போது எழும் முதல் கேள்வி 'யாருக்கு எத்தனை சென்ட்?' என்பதாகும். அதற்கு விடை காண்பது எளிது. கணக்குத் தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். சண்டை வருவது அடுத்த கேள்வியில்தான்: 'எந்தப் பக்கமிருந்து, எப்படி வெட்டுவது?'

ஒரு ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். அது சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். நான்கு பேருக்கு நெடுக்கே வெட்டினால் ஒவ்வொருவருக்கும் 16 மீட்டர் அகலமுள்ள துண்டு கிடைக்கும். அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு துண்டும் மறுபடி நான்காக, அதே திசையில் பிரிந்தால் அகலம் 4 மீட்டர். நீளம் அதே 64 மீட்டர். பட்டாவில் பரப்பு சரியாக இருக்கும். ஆனால் வண்டி திருப்ப இடம் இருக்காது. வரப்புகளே நிலத்தைத் தின்றுவிடும்.

நீளத் துண்டு வேண்டாம், சதுரமாக வெட்டலாமே என்று கேட்கலாம். அதற்கும் தடை உண்டு. கிணறும் வண்டிப் பாதையும் ஒரு பக்கத்தில் இருந்தால் எல்லாத் துண்டுகளும் அந்தப் பக்கத்தைத் தொட வேண்டும். சதுரமாக வெட்டினால் உள்ளே இருப்பவர் அடுத்தவர் நிலத்தின் வழியாகத்தான் தண்ணீர் கொண்டுபோக முடியும். பரப்பு, வடிவம், பக்கத்து இடம் என்ற மூன்றையும் ஒருசேரக் காப்பாற்றுவது கடினம். கணினித் திரையில் இதே சிக்கலைத் தீர்க்கப் போராடியவர்களின் கதைதான் 'ட்ரீமேப்' என்னும் படத்தின் வரலாறு.

எண்ணிலேயே ஒரு மரம்

ட்ரீமேப் என்பது ஒரு பெரிய கட்டத்துக்குள் சிறு கட்டங்கள், அவற்றுக்குள் இன்னும் சிறு கட்டங்கள் என்று அடுக்கிக் காட்டும் படம். ஒவ்வொரு கட்டத்தின் பரப்பும் அது குறிக்கும் பொருளின் அளவுக்கு ஏற்றதாக இருக்கும். 'ட்ரீ' என்றால் மரம். கிளைக்குள் கிளையாகப் பிரியும் விவரங்களுக்கு இது ஏற்றது என்பதால் அந்தப் பெயர்.

நம் நில ஆவணங்களும் இப்படிப்பட்ட மரமே. மாவட்டத்துக்குள் வட்டம், அதற்குள் குறுவட்டம், அதற்குள் வருவாய் கிராமம், கிராமத்துக்குள் புல எண், புல எண்ணுக்குள் உட்பிரிவு. 112 என்ற புலம் பிரிந்தால் 112/1, 112/2 ஆகும். 112/2 மேலும் பிரிந்தால் 112/2ஏ, 112/2பி ஆகும். எண்ணைப் பார்த்தே எது எதிலிருந்து பிரிந்தது என்று சொல்லிவிடலாம். இந்த எல்லைகளுக்குச் சட்ட அடிப்படை தருவது 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். கணினியில் ஒரு கோப்பின் முகவரியும் இதே முறைதான்: ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள் கோப்பு.

பரப்பால் பங்கைக் காட்டும் பழக்கம் கணினிக்கு மிகவும் முந்தியது. அமெரிக்காவின் 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஃபிரான்சிஸ் வாக்கர் 1874-இல் வெளியிட்ட புள்ளிவிவர அட்லஸில், மாநிலங்களின் மக்கள்தொகை பிரிக்கப்பட்ட கட்டங்களாக வரையப்பட்டிருந்தது. ஆனால் எத்தனை அடுக்கு வந்தாலும் தானே பிரித்துக்கொண்டு போகும் முறை அதில் இல்லை. அதற்கு இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நிரம்பி வழிந்த ஹார்ட் டிஸ்க்

1990-இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மேன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறிய தொல்லை ஏற்பட்டது. அங்கிருந்த 80 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கை 14 பேர் பகிர்ந்துகொண்டிருந்தனர். அது அடிக்கடி நிரம்பியது. யாருடைய கோப்பு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று தெரிந்தால்தானே எதை அழிப்பது என்று முடிவு செய்யலாம்? பொதுக் கிணற்றில் யார் எவ்வளவு நேரம் மோட்டார் ஓட்டுகிறார் என்று தெரியாமல் மனக்கசப்பு வளர்வதைப் போன்ற நிலை இது.

மரத்தைக் கிளை கிளையாகக் கோடு போட்டு வரைந்தால் படம் திரையை விட்டு வெளியே ஓடியது. பெரும்பகுதி வெற்றிடமாகவும் இருந்தது. இதை யோசித்துக்கொண்டிருந்த ஷ்னைடர்மேனுக்கு, திரை முழுவதையும் ஒரே நிலமாக எடுத்து அதையே பங்கு போடலாம் என்று தோன்றியது. முதல் அடுக்கை நெடுக்கே வெட்ட வேண்டும்; அடுத்த அடுக்கைக் குறுக்கே; அதற்கடுத்ததை மறுபடி நெடுக்கே. ஒரு அங்குலமும் வீணாகாது. அவருடைய மாணவர் பிரையன் ஜான்சன் இதை மென்பொருளாக்கினார். இருவரும் 1991-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஷ்னைடர்மேனின் தனிக் கட்டுரை 1992-இல் வந்தது.

முறை எளிமையானது, வரிசையும் மாறாது. ஆனால் பாகப்பிரிவினையில் வரும் அதே குறை இதிலும் வந்தது. உறுப்பினர் அதிகமானால் கட்டங்கள் நூல் போல மெலிந்தன. ஒரு நீளத் துண்டையும் ஒரு குட்டைத் துண்டையும் பார்த்து எது பெரியது என்று சொல்லக் கண்ணால் முடியவில்லை.

சதுரத்தை நோக்கி

2000-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் புருல்ஸ், கீஸ் ஹைசிங், யார்க்கே வான் வைக் ஆகிய மூவரும் இதற்கு ஒரு தீர்வு தந்தனர். அவர்கள் காட்டிய உதாரணத்தை ஒரு தாளில் எவரும் வரைந்து பார்க்கலாம். அகலம் 6, உயரம் 4 உள்ள கட்டம். மொத்தப் பரப்பு 24. அதை 6, 6, 4, 3, 2, 2, 1 என்று ஏழு பங்காக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே திசையில் வெட்டினால் கடைசிப் பங்கின் அகலம் கால் அளவு, உயரம் 4. அதாவது நீளம் அகலத்தைப் போல 16 மடங்கு. புதிய முறையில் பெரிய பங்கை முதலில் வைத்து, அடுத்ததை அதனுடன் சேர்த்துப் பார்க்கிறார்கள். சேர்த்தால் வடிவம் சதுரத்தை நெருங்குகிறதா? நெருங்கினால் அதே வரிசையில் வைக்கலாம். கெட்டால் அந்த வரிசையை மூடிவிட்டு, மீதியுள்ள இடத்தில் புது வரிசை தொடங்கலாம். இப்படிச் செய்யும்போது கடைசிப் பங்கின் நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்குக்கும் குறைவாகிறது. பரப்பு மாறவில்லை; பார்வை தெளிந்தது.

இதற்கும் ஒரு விலை உண்டு. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவதால் இயல்பான வரிசை கலைந்துவிடுகிறது. எண்களில் சிறிய மாற்றம் வந்தாலும் கட்டங்கள் இடம் பெயர்கின்றன. நேற்று இடப்பக்கம் பார்த்தது இன்று வலப்பக்கம் இருக்கும். கிணற்றைத் தொட்டுக்கொண்டிருந்தவர் மறுநாள் காலையில் உள்ளே தள்ளப்பட்டிருப்பதைப் போல! இதைச் சமாளிக்க ஷ்னைடர்மேனும் மார்ட்டின் வாட்டன்பெர்க்கும் 2001-இல் வரிசை காக்கும் முறைகளை முன்வைத்தனர். அவற்றில் வடிவம் சற்றுக் கெடும், ஒழுங்கு நிலைக்கும்.

இணையத்தில் ஏறிய கட்டங்கள்

இந்தப் படத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தவர் வாட்டன்பெர்க்தான். 1998-இல் ஸ்மார்ட்மணி வலைத்தளத்தில் அவர் உருவாக்கிய பங்குச்சந்தைப் படம் 500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை ஒரே திரையில் காட்டியது. கட்டத்தின் அளவு நிறுவனத்தின் சந்தை மதிப்பு. பச்சை ஏற்றம், சிவப்பு இறக்கம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு நீலமும் மஞ்சளும் கொண்ட மாற்று வசதியும் இருந்தது. 2004-இல் மார்க்கோஸ் வெஸ்காம்ப் உருவாக்கிய நியூஸ்மேப், கூகுள் செய்திகளைக் கட்டங்களாக அடுக்கியது. இந்தியச் செய்திகளையும் அதில் பார்க்க முடிந்தது. வின்டிர்ஸ்டாட் போன்ற மென்பொருள்கள், ஷ்னைடர்மேன் தொடங்கிய அதே வேலையை, அதாவது ஹார்ட் டிஸ்க்கில் இடம் அடைப்பது எது என்று காட்டும் வேலையை, வீட்டுக் கணினிகளில் செய்தன.

ஸ்மார்ட்மணி படம் ஜாவா ஆப்லெட்டில் ஓடியது. நியூஸ்மேப் ஃபிளாஷில் ஓடியது. இன்று உலாவிகளில் ஜாவா ஆப்லெட் இல்லை. ஃபிளாஷும் 2020 இறுதியோடு முடிந்துபோனது. வாகனங்கள் மறைந்தாலும் கட்டங்கள் மறையவில்லை. 2011-இல் வந்த டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ட்ரீமேப் ஒரு தயார்நிலை உறுப்பாகவே கிடைத்தது. எக்செல் 2016 பதிப்பிலும் அது இடம்பெற்றது. முன்பு ஆய்வுக்கூடத்தில் உழைத்துச் செய்ததை இன்று ஒரு கல்லூரி மாணவர் சில வரிகளில் தன் வலைப்பயன்பாட்டில் சேர்த்துவிடலாம்.

சேர்ப்பவர் எடுக்க வேண்டிய முடிவு

ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியத்தில் எந்த ஊராட்சியில் எந்தக் காய்கறி எத்தனை ஏக்கர் என்று காட்டும் ஒரு பக்கத்தை ஒரு மாணவர் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றியம், ஊராட்சி, பயிர் என்று விவரத்தை அடுக்கிக் கொடுத்து, பரப்புக்கு ஏக்கரையும் நிறத்துக்கு விலையின் ஏற்ற இறக்கத்தையும் சொன்னால் போதும், படம் வந்துவிடும். நட்டத்தைப் பரப்பால் காட்ட முடியாது என்பதையும் அவர் நினைவில் கொள்ள வேண்டும்; குறைந்த பரப்பு உண்டு, சுழியத்துக்குக் கீழே பரப்பு இல்லை. அதனால்தான் பங்குச்சந்தைப் படமும் இறக்கத்தை நிறத்தில் வைத்தது.

எப்படி வெட்டுவது என்ற பழைய கேள்வி மட்டும் அவருக்காகவும் காத்திருக்கிறது. டி3 நூலகம் இதற்குப் பல முறைகளைத் தருகிறது. நெடுக்கே மட்டும் வெட்டலாம், குறுக்கே மட்டும் வெட்டலாம், மாற்றி மாற்றி வெட்டலாம், சதுரத்தை நெருங்கலாம், எண்கள் மாறினாலும் பழைய அமைப்பைக் கலைக்காமல் அளவை மட்டும் மாற்றலாம். ஒன்றும் சொல்லாமல் விட்டால் சதுரத்தை நெருங்கும் முறையையே அது எடுத்துக்கொள்ளும். அதிலும் முழுச் சதுரத்தை அது நாடுவதில்லை. நீளம் அகலத்தைப் போல சுமார் 1.6 மடங்கு இருக்குமாறு பார்க்கிறது. சதுரத்தையும் சதுரத்தையும் ஒப்பிடும்போது கண் அதிகம் தவறுகிறது என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருந்தது.

மாதாமாதம் பார்த்து மாற்றத்தை அறிய வேண்டிய பக்கம் என்றால் கட்டங்கள் இடம் மாறக் கூடாது. ஒரே ஒரு முறை பார்த்து எது பெரியது என்று அறிய வேண்டிய பக்கம் என்றால் வடிவமே முக்கியம். எந்த முறையை எடுத்தாலும் மிகச் சிறிய பங்கு பெயர் எழுத இடமில்லாத புள்ளியாகச் சுருங்கும். படத்தில் அது ஒரு புள்ளிதான். ஊரிலோ அது ஒரு குடும்பத்தின் பத்து சென்ட் தோட்டம். அதைத் தொட்டால் விவரம் விரியும்படி செய்வது சேர்ப்பவரின் கடமை.

பாகப்பிரிவினையில் பெரியவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு எழுந்து போவதில்லை. கிணறு எங்கே, பாதை எங்கே என்று காலால் நடந்து பார்த்த பிறகே கயிறு பிடிப்பார்கள். திரையில் கட்டம் வெட்டுபவருக்கும் இது பொருந்தும். பரப்பைக் கணினி தவறாமல் கணக்கிட்டுவிடும். எதைக் காப்பாற்றி எதை விட்டுக்கொடுப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.