வண்டலூர் ஹெரால்டும் முதல் 500 கிலோமீட்டரும்

"புதுசா வேலை பார்த்த இன்ஜின், மெதுவா ஓட்டணும்." பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை. பாதிதான் சரி. ஏன் என்று பார்க்க நம்ம ஏரியா கார் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் ஆலை இருந்தது. பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. 948 சிசி, நாலு சிலிண்டர். 1972-இல் வந்த கேசலுக்கும் இதே இன்ஜின்தான். 1988-இல் கம்பெனியின் கார் தயாரிப்பே நின்றுபோனது.

இந்த இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 63 மி.மீ. தேய்ந்துபோனால் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். கடைசியாக ஹோனிங் செய்யும்போது சிலிண்டர் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கீறல்கள் விழும். அவற்றின் முனைகள் தேயத் தேயத்தான் பிஸ்டன் ரிங் சுவரோடு படிந்து செட் ஆகிறது. ரிங்கின் சொந்த விறைப்பு மட்டும் இதற்குப் போதாது. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ள வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் உருட்டிக்கொண்டே போனால் அந்த அழுத்தம் கிடைக்காது. கீறல்களில் ஆயில் கருகிப் படிந்து, சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். அப்புறம் ஆயில் குடிக்கும், நீலப்புகை விடும். திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

அப்படியானால் மெதுவாக ஓட்டச் சொன்னது தப்பா? இல்லை. புது பேரிங்கும் பிஸ்டனும் இறுக்கமாக இருக்கும். தொடர்ந்து அதிக வேகத்தில் போனால் சூடேறி பிஸ்டன் ஜாம் ஆகலாம். டாப் கியரில் திணறவிடுவதும் கூடாது.

கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் புதிது என்றால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல் 2000 ஆர்.பி.எம். அளவில் 20 நிமிடம் ஓடவிடுவது வழக்கம். பிறகு சிக்னல் நெரிசல் இல்லாத அதிகாலையில் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை போதும். மூன்றாவது கியரில் பாதி அளவு மிதித்து வேகம் ஏற்றி, காலை எடுத்து இறங்கவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரே வேகத்தில் போகக் கூடாது. 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிட வேண்டும். தேய்ந்த இரும்புத்தூள் அதோடு போகும்.

நான் மென்பொருள்காரன். எங்களுக்குப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வழி உண்டு. சிலிண்டரில் கடைந்தெடுத்த இரும்பு திரும்ப வராது. ஒவ்வொரு போரிங்கிலும் சுவர் மெலிகிறது. ஓவர்சைஸ்கள் தீர்ந்தால் லைனர் அடிக்க வேண்டும். புது பிளாக் வார்த்துத்தர வண்டலூரில் இப்போது ஆலை இல்லை. அதனால் ரிங் முதல் தடவையிலேயே செட் ஆவதில்தான், மிச்சமிருக்கும் ஹெரால்டுகளின் ஆயுள் இருக்கிறது.