ஜான் யங்: குறையைச் சொல்லத் தயங்காத விமானி

நிலவில் நடந்த 12 பேரில் ஜான் யங் ஒன்பதாமவர். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1972 ஏப்ரலில் அவர் அங்கே கழித்த மூன்று நாட்களோடு முடிந்துவிடுகிறது. நாசாவில் அவர் வேலை பார்த்ததோ 42 ஆண்டுகள். அந்த நெடும் பணிக்காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய பெரிய பங்களிப்பு தெரியும் என்பது என் வாதம்: கண்ணில் பட்ட குறையைச் சொல்லாமல் விடுவதில்லை என்ற பிடிவாதம். கடற்படையில் சோதனை விமானியாக இருந்து 1962இல் நாசாவுக்கு வந்தவர் அவர். சோதனை விமானி என்றதும் துணிச்சல்தான் நம் நினைவுக்கு வருகிறது. புது விமானத்தில் என்ன கோளாறு என்று கண்டறிந்து, அதை வடிவமைத்தவருக்குப் பிடிக்காவிட்டாலும் எழுதிக் கொடுப்பதுதான் அந்தத் தொழிலின் அன்றாடம்.

அவரை நிலவுக்குக் கொண்டுசென்ற அப்பல்லோ 16 பயணத்திலேயே இந்தப் பிடிவாதத்துக்குச் சான்று இருக்கிறது. யங்கும் சக வீரர் சார்லஸ் டியூக்கும் தரையிறங்கு கலத்தில் பிரிந்து நின்ற வேளையில், மூன்றாமவரான கென் மாட்டிங்லி இருந்த தாய்க்கலத்தின் முக்கிய எஞ்சினைத் திருப்பும் மாற்று அமைப்பு அதிர ஆரம்பித்தது. ஊர் திரும்ப அந்த எஞ்சின் வேண்டும். இறங்குவதை நிறுத்திவைத்தார்கள்; பூமியில் பொறியாளர்கள் சோதித்துப் பார்த்து, ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு, ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாமதமாக இறங்கினார்கள். இறங்கிய டெகார்ட் மேட்டுநிலத்தில் எரிமலைப் பாறைகள் கிடைக்கும் என்பது நிலவியலாளர்களின் கணிப்பு. அவர்கள் கண்டதோ, விண்கல் மோதல்களில் நொறுங்கி மறுபடி ஒட்டிக்கொண்ட பாறைத் துண்டுகள். எதிர்பார்த்ததைத் தேடிக்கொண்டிராமல், கண்டதை அப்படியே அறிவித்தார்கள். திரும்பி வந்த 95 கிலோவுக்கும் மேற்பட்ட மாதிரிகள் அதை உறுதிசெய்தன. நிலவின் மேடுகளைப் பற்றிய பாடமே மாறியது. இதே பயணத்தில்தான் யங்கின் கால் ஒரு கேபிளில் சிக்கி, நிலவின் வெப்பத்தை அளக்கும் சோதனை பாழானது. அதையும் அவர் மறைக்கவில்லை.

1981 ஏப்ரல் 12 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் முதன்முறையாகப் பறந்தபோது அதன் தலைவர் யங். ஆளில்லாமல் ஒருமுறைகூட விண்ணுக்கு அனுப்பிப் பார்க்காத வாகனம் அது. தரையிறங்கியதும் படியிறங்கி வந்தவர், ஓடத்தின் அடியில் நடந்து வெப்பக் காப்பு ஓடுகளையும் சக்கரங்களையும் ஆராயத் தொடங்கிவிட்டார். 1986 ஜனவரியில் சேலஞ்சர் ஓடம் வெடித்து ஏழு பேர் இறந்த பின், ஏவும் அட்டவணையின் அவசரம் பாதுகாப்பை மிதித்துவிட்டது என்று அவர் எழுதிய குறிப்புகள் பத்திரிகைகளுக்கு எட்டின.

விண்வெளி வீரர் அலுவலகத்தின் தலைவராக 1974 முதல் இருந்தவர், விபத்துக்குப் பிறகு எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விபத்துக்குக் காரணமான, பூஸ்டர் இணைப்பின் ரப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டு வந்த செய்தி பொறியாளர்களுக்கும் சில மேலாளர்களுக்கும் தெரிந்திருந்தும், வீரர் அலுவலகத்துக்கு எட்டவில்லை. விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் முன் வெளிவந்த உண்மை இது. அவருடைய குற்றச்சாட்டின் மையமும் இந்த இடைவெளிதான். இப்படி ஒவ்வொரு ஐயத்துக்கும் காது கொடுத்தால் ராக்கெட்டே கிளம்பாது என்பது இன்னொரு வாதம். கொலம்பியாவின் முதல் பயணத்தில் ஏறி உட்கார்ந்தவரிடம் அந்த வாதம் செல்லாது. அபாயம் என்னவென்று தெரிந்து ஏறுவது வேறு, தெரியாமல் ஏற்றிவிடப்படுவது வேறு. 1987இல் அவரைத் தலைவர் பதவியிலிருந்து மாற்றி, பாதுகாப்பு குறித்த ஆலோசகராக்கினார்கள். 2004 இறுதியில் ஓய்வு பெறும்வரை அவர் குறிப்புகள் எழுதுவதை நிறுத்தவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இறக்கையின் வெப்பக் காப்பை உடைத்திருந்ததால், கொலம்பியா ஏழு பேருடன் சிதறியது. ஏவும்போது நுரை மோதியது படத்தில் பதிவாகியிருந்தது; அதைக் கண்டு கவலைப்பட்ட பொறியாளர்களின் பேச்சு அப்போதும் மேலே எடுபடவில்லை.