தீவுக்கு மண் எங்கிருந்து வருகிறது? கடல்மட்ட உயர்வும் சேலம் மாவட்டத்து ஆறுகளும்

வாழப்பாடிக்கும் வங்கக் கடலுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கி.மீ. பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடுமாக இருக்கிற இந்த ஊரில் உட்கார்ந்து தீவுகளைப் பற்றி எழுத எனக்குக் காரணமாக இருப்பது வசிஷ்ட நதி. பேளூர், ஆத்தூர், தலைவாசல் வழியே போகும் இந்த ஆறு சுவேத நதியோடு கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. அந்த முகத்துவாரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் கடலில் கலக்கும் இடம் வரைக்கும் பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளும் மணல் திட்டுகளும் பரந்து கிடக்கின்றன. கொள்ளிட முகத்துவாரத்தில், நாற்புறமும் நீர் சூழ்ந்த கொடியம்பாளையம் என்னும் மீனவக் கிராமம் இருக்கிறது.

தீவு மூழ்குகிறது என்றால் கடல் ஏறுவது ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. அது பாதிக் கணக்கு. தாழ்ந்த தீவு எதுவும் ஒருமுறை உருவாகி அப்படியே நிற்பதில்லை. அலை அரித்துக்கொண்டு போகும் மண்ணுக்கு ஈடாக வேறொரு மண் வந்துகொண்டே இருந்தால்தான் அது தீவாக இருக்கும். கடல்மட்ட உயர்வு இந்தக் கணக்கில் செலவைக் கூட்டுகிறது. ஆனால் நம் கரையோரத் தீவுகளில் வரவை அடைத்தது பெரும்பாலும் நாம்தான். அடைத்த இடங்கள் சில, கடலிலிருந்து வெகு தொலைவில், எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

மன்னார் வளைகுடாவை முதலில் பார்க்கலாம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவு 1986-இல் 16 ஹெக்டேராக இருந்து 2014-இல் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது, 2006-க்குப் பிந்தைய வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. இந்த வேகத்தையே 28 ஆண்டுகளுக்கும் வைத்துப் பெருக்கினால்கூட 10 செ.மீ.யைச் சற்றே தாண்டும். முழங்காலுக்கும் எட்டாத இந்த ஏற்றம் மட்டும் 14 ஹெக்டேரை விழுங்கியிருக்க முடியாது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆலைகளுக்கும் என்று பல பத்தாண்டுகள் பவளப்பாறையைப் பெயர்த்து எடுத்தோம். பாறை இருந்தவரை அலையின் வேகம் அங்கேயே முறிந்தது; உடைந்த பவளத் துண்டும் மணலும் தீவுக்கு வந்து சேர்ந்தன. பாறை போனதும் காப்பும் போயிற்று, வரவும் போயிற்று. பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. பின்னர் வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. அவற்றின் பின்னால் மணல் மீண்டும் தங்கத் தொடங்கியது. ஏறிக்கொண்டிருக்கும் கடலுக்கு நடுவிலும் தீவின் வரவைத் திறந்துவிட முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

பசிபிக்கின் துவாலுவும் இதையே காட்டுகிறது. 1971-க்கும் 2014-க்கும் இடையில் கடல் ஏறிக்கொண்டிருந்தபோதே அந்நாட்டின் மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியதாக 2018-இல் வெளியான ஆய்வு கண்டது. இதை எடுத்துக்கொண்டு 'பயமில்லை' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலம் இருப்பது வேறு, அதில் வாழ முடிவது வேறு. 2023-இல் ஆஸ்திரேலியாவோடு துவாலு செய்துகொண்ட உடன்படிக்கை, ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேற வழிசெய்கிறது. பரப்பு குறையாத நாட்டவரும் போகும் வழியைத் தேட வேண்டியிருக்கிறது.

வாழ முடிவதும் முடியாததும் பெரும்பாலும் தண்ணீரில்தான் தீர்மானமாகிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் மீனவக் குடும்பங்கள் உண்டு. இருபுறமும் கடல் இரைகிற அந்த மணலில் பெண்கள் கையால் சிறு குழி தோண்டி, ஊறி வரும் நீரைக் கலங்காமல் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அது நல்ல தண்ணீர். மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடர்த்தி கூடிய உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால் அச்சம் புரியும்: தாழ்ந்த தீவில் கடல் ஒரு சாண் ஏறி, நன்னீருக்கு மேலே எழும்ப இடமில்லாமல் போனால், கீழே பல மீட்டர் கரைந்துவிடும். வீட்டுக்குள் கடல் வருவதற்கு வெகு முன்பே குழியில் உப்புக் கரிக்கத் தொடங்கிவிடும்.

இனி எங்கள் ஆறுகளுக்கு வருகிறேன். மன்னார் தீவுகளுக்குப் பவளம் எதுவோ அதுவே பிச்சாவரத்துக்கும் கொடியம்பாளையத்துக்கும் வண்டல். அலையாத்தி வேர்கள் வண்டலைப் பிடித்துத் தரையை மெல்ல உயர்த்தும். வரத்துப் போதுமானதாக இருந்தால் கடலின் ஏற்றத்துக்கு அவை ஈடுகொடுக்கும். கொள்ளிடத்தின் வண்டல் காவிரியுடையது. சேலம் மாவட்டத்து மேட்டூர் அணை 1934 முதல் அந்த வண்டலைத் தடுத்து வைத்திருக்கிறது. வெள்ளாற்றின் தலைப்பில் ஆனைமடுவு அணை நிற்கிறது. அணைக்குக் கீழே பேளூர்ப் பக்கம் வசிஷ்ட நதிக்குள் இறங்கி நடந்தால் காலில் மணல் படுவதைவிடக் களியும் பாறையும் சீமைக் கருவேல முள்ளும் படுவதே அதிகம். மணலை அள்ளியது போக மிஞ்சியது அவ்வளவுதான்.

அணைகளே தவறு என்று நான் சொல்லவில்லை. மேட்டூர் இல்லாத டெல்டாவையும் ஆனைமடுவு இல்லாத புழுதிக்குட்டை ஊரையும் யாரும் கேட்கமாட்டார்கள். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: மண் கணக்கைப் பேசினால் கரியமிலப் புகையை விட்டவர்கள் தப்பித்துக்கொள்வார்களே? அப்படித் தப்ப இடமில்லை. புவி வெப்பம் கணக்கின் இரு பக்கத்தையும் தாக்குகிறது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் நீர் சூடாகிப் பவளங்கள் வெளிறி மடிந்தன. கடலை ஏற்றும் அதே வெப்பம்தான் தீவைக் கட்டும் உயிரையும் கொல்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பை உலக மாநாடுகளில் கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், ஆற்றுமணல் அள்ளப்படுவதற்கான பொறுப்பு இங்கேயே, நம் வட்டாட்சியர் எல்லைக்குள் இருக்கிறது.

2004 சுனாமியில் பிச்சாவரம் பகுதியில் கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு என்னும் மீனவக் குடியிருப்பு அழிந்தது; பிழைத்தவர்கள் நிலப்பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். மீன்பிடிக்கத் தினமும் படகேறி அதே நீர்வழிகளுக்கே போகிறார்கள். இத்தகைய ஊர்களுக்கு அரசு தருவது வீடும் தடுப்புச்சுவரும். மண்ணைப் பற்றிய பேச்சு அந்தக் கோப்புகளுக்குள் வரவேண்டும். மேட்டூரில் தூர்வாரும்போது வண்டல் வயலுக்கும் சூளைக்கும் போகிறது. கடைமடைக்கும் முகத்துவாரத்துக்கும் எவ்வளவு போயாக வேண்டும் என்ற கேள்வியும் திட்ட அறிக்கையில் எழுதப்பட வேண்டும். கடலோர மேலாண்மைத் திட்டம் கடலோர மாவட்டங்களோடு நிற்காமல் ஆற்றின் தலைப்பு வரை வரவேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய கருவி தேவையில்லை. வடகிழக்குப் பருவமழையில் வசிஷ்ட நதி செங்காவி நிறத்தில் ஓடுவது சில நாட்கள்தாம். அந்நாட்களில் பேளூர்ப் பாலத்திலும், ஆத்தூரிலும், சேத்தியாத்தோப்பு அணைக்கட்டிலும் ஒரே நேரத்தில் தலா ஒரு லிட்டர் நீர் மொண்டு, தெளிய விட்டு, அடியில் தங்கும் மண்ணை உலர்த்தி நிறுக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நான்காவது குப்பியை முகத்துவாரத்தில் அவர்கள் நிரப்பலாம். முதல் மூன்றை எங்கள் ஊர் மாணவர்கள் நிரப்புவார்கள்.