வன்னியிற் பிரிவு: நிறுவனமும் காதலும்

ஓதல், பகை, தூது, பொருள் முதலியவற்றைப் பிரிவின் காரணங்களாகத் தொல்காப்பியம் வகுக்கும். அகமரபிற் பிரிவோன் தானே புறப்படுகிறான். மீளும் பருவத்தையும் கூறிச் செல்கிறான். நிறுவனமொன்று இருவரைப் பிரித்துவைப்பதை அம்மரபு அறியாது. வன்னியின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய பிரிவு இலங்கைக்குப் புதிதன்று. 1901 ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயுற்றோரை ஒதுக்கிவைக்க வழிசெய்தது. ஹெந்தளையும் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவும் அவ்வரலாற்றின் எச்சங்கள். குடியேற்ற அரசு நோயுற்ற உடலைக் கண்டது; அவ்வுடல் சார்ந்திருந்த உறவைக் காணவில்லை.

போர்க்கால வன்னியில் உறுப்பிழந்தோர் தம்முள் மணஞ்செய்துகொண்டதுண்டு. பார்வையிழந்தவரும் காலிழந்தவரும் இணைந்து வாழும்போது ஒருவர் கண் இருவருக்கும் வழிகாட்டுகிறது; மற்றவர் கால் இருவருக்கும் தண்ணீர் சுமக்கிறது. இதனைத் தியாகமென்று போற்றுவது மேலோட்டமான பார்வை. காதல் இங்கு அன்றாட உழைப்பாகவே நிலைபெறுகிறது. எனவே, இவர்களைப் பிரிப்பது மீண்டுமோர் உறுப்பை அகற்றுவதேயாகும்.

2009 இல் பிரிவு பல படிகளில் நிகழ்ந்தது. பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சங்கக் கப்பல்கள் காயமுற்றோரை வன்னிக் கரையிலிருந்து திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றிச் சென்றன. உயிர்காத்த அப்பயணமே பல குடும்பங்களைக் கரையிலும் கடலிலுமாகப் பிரித்தது. ஓமந்தையில் இயக்கத்திலிருந்தோர் தனியே பிரிக்கப்பட்டனர். செட்டிகுளத்து மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களில் ஏறத்தாழ 2,80,000 பேர் அடைக்கப்பட்டனர். புனர்வாழ்வு நிலையங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறாயின.

2010 ஜூனில் வவுனியாவில் முன்னாட் போராளிகளான 53 இணையருக்கு அரசு ஒருங்கே திருமணம் நடத்தியது. அவர்களின் மகிழ்ச்சி மெய்யானதே. ஆயினும், பறிக்கப்பட்ட உரிமை அங்குச் சலுகையாகத் திரும்பியது என்பதை மறக்கலாகாது.

மாற்றுவலுவுள்ளோர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. திருமணமும் குடும்பமும் அவர்தம் உரிமையென அது கூறுகிறது. மறு ஆண்டு கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டந் தொடங்கினர். மெனிக்பாம் 2012 இலேயே மூடப்பட்டுவிட்டது, பிரிவு மூடப்படவில்லை.

உழைக்கும் உடல்களைக் கணக்கிட்ட மார்க்சிய ஆய்வாளராகிய நாமும், உழைக்கவியலாதவரென ஒதுக்கப்பட்டோர் ஒருவருக்கொருவர் ஆற்றிய உழைப்பைக் கணக்கிற் கொள்ளவில்லை. அக்குறையைக் களைவது நம் கடன். பாலைத்திணைக்கு வன்னி சேர்த்த காரணம் முட்கம்பி; அதனை எழுதாத இலக்கிய வரலாறு முழுமை பெறாது.