மடித்த தாளும் மறந்த மரபும்

1893ஆம் ஆண்டு, தி. சுந்தர ராவ் காகித மடிப்பின் வழியே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றைச் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கல்வியாளர் ஃபுரோபெல் வகுத்த மழலையர் கல்வியின் மடிப்புத்தாள்களே அதற்குத் தூண்டுகோல். கவராயமும் அளவுகோலுமின்றி, ஒரு சதுரத்தாளில் சமபக்க முக்கோணமும் ஐங்கோணமும் மடித்துக் காட்டினார். தாளில் படகும் மைக்கூடும் மடிக்கும் வழக்கம் நம்மிடையே முன்பே உண்டென்பதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

ஜெர்மானியக் கணிதர் ஃபெலிக்ஸ் கிளைன் இந்நூலைச் சுட்டினார். அதன் பின்னர் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் இதனைத் திருத்த, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது.

இந்தியாவில் மழலையர் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் ஃபுரோபெலின் பெயரிலிருந்தே தொடங்கினால், அதற்கு முன்பே நம் வீடுகளில் படகு மடித்த கைகள் அவ்வரலாற்றில் இடம்பெறாமற்போகும். சுந்தர ராவின் அச்சிறு குறிப்பு நமக்குச் சான்றாவது இங்கேதான்.