ஆய்வு ஒப்பந்தத்தில் நம் பெயர் எங்கே?

திருச்சிராப்பள்ளியைச் சுற்றி உயர்கல்வி நிறுவனங்கள் பல உள்ளன. துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம், பல்கலைப்பேரூரில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், திருவரங்கம் வட்டம் நவலூர்குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஆகியவை அவற்றுள் சில. இத்தகைய நிறுவனங்களில் வெளிநிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களே, உதவித்தொகை கிடைக்காத முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு ஆய்வுலகின் வாசலாக இருக்கின்றன. ஆனால் அத்திட்டங்களை ஆளும் ஒப்பந்தங்களை அவர்கள் பார்ப்பதே அரிது.

நிதியுதவிக்கு ஈடாகக் கடப்பாடு என்பது நமக்குப் புதிதன்று. 1913 சூன் 4 அன்று அண்ணல் அம்பேத்கர் பரோடா அரசுடன் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். கொலம்பியாவில் மூன்றாண்டு படிக்க மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை. திரும்பியதும் பத்தாண்டு பணி. 1917இல் பணியேற்கச் சென்றவருக்கு அந்நகரில் தங்க இடம்கூட மறுக்கப்பட்டது. பணி செய்யும் கடப்பாடு அவர்மீது இருந்தது. அவரைச் சமமாக நடத்தும் கடப்பாடு எவர்மீதும் இல்லை. ஒரு ஒப்பந்தத்தில் எது எழுதப்பட்டுள்ளது என்பதைப் போலவே எது எழுதப்படவில்லை என்பதையும் நாம் படிக்க வேண்டும்.

யார் யாருடன்?

ஒப்பந்தம் நிதி தருபவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலானது. பேராசிரியர் முதன்மை ஆய்வாளராகப் பொறுப்பேற்கிறார். திட்ட ஆய்வாளரும் களப்பணியாளரும் இதில் தரப்பினர் அல்லர். அரசு நல்கை, தனியார் நிதியாய்வு, ஆலோசனைப் பணி என மூன்று வகைகளை நாம் பிரித்தறிய வேண்டும். நல்கையில் செலவினத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். ஆலோசனைப் பணியில் முடிவுகள் பெரும்பாலும் பணம் கொடுத்தவரையே சேரும்.

நான்கு பிரிவுகள்

*ஊதியம்.* ஒன்றிய அரசின் நிதியில் இளநிலை ஆய்வாளருக்கு 2023 சனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆனால் வேறு பெயரிட்ட பணியிடங்களுக்கு இத்தொகை பொருந்தாது. எனவே பணியில் சேருமுன் திட்ட ஒப்பளிப்பு ஆணையில் பணியிடத்தின் பெயர், தொகை, காலம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

*வெளியீடு.* கலிபோர்னியாவில் பெட்டி டாங் என்ற ஆய்வாளர் தைராய்டு மருந்துகளை ஒப்பிட்டு, விலை குறைந்தவையும் சமமானவையே எனக் கண்டறிந்தார். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ இசைவின்றி வெளியிடக்கூடாது என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தது. 1995இல் அச்சேறவிருந்த கட்டுரை நிறுத்தப்பட்டு 1997இல்தான் வெளிவந்தது. ஆகவே ‘இசைவு’ என்ற சொல்லை ஏற்காமல், ‘குறிப்பிட்ட நாள்களுக்குள் கருத்துரை’ என மாற்றக் கோர வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் உரிமைக்குத் தனி விலக்கும் தேவை.

*பெயரும் உடைமையும்.* 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, மாறான உடன்பாடு இல்லாதபோது, ஊழியர் பணியின்போது படைத்ததற்கு முதலாளியே முதல் உரிமையாளர். ஆயினும் கண்டுபிடிப்பாளர் என்று தம் பெயரைக் குறிப்பிடக் கோரும் உரிமையைக் காப்புரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தருகிறது. உடைமை கைமாறலாம், பெயர் மறையக்கூடாது.

*அறிவு தந்த மக்கள்.* கேரளத்தில் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதன் உரிமத்தைக் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 இலட்ச ரூபாய்க்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் அளித்தது. அதில் பாதி காணிகளுக்கு என்பது பாராட்டத்தக்க முன்மாதிரி. ஆனால் அந்த உரிம ஒப்பந்தத்தில் காணிகள் தரப்பினர் அல்லர். பங்கை முடிவுசெய்தது நிறுவனமே. பச்சைமலைப் பழங்குடியினரிடமோ தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலோ தகவல் திரட்டும் ஒவ்வொரு திட்டத்துக்கும் இது பொருந்தும். தகவல் யாரிடம் இருக்கும், முடிவு அம்மக்களுக்கு அவர்கள் மொழியில் திரும்புமா என்பவை களத்தில் இறங்குமுன் எழுதப்பட வேண்டும்.

இடஒதுக்கீடு

45 நாள்களோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிகப் பணி நியமனங்களிலும் இடஒதுக்கீடு உண்டு என ஒன்றியப் பணியாளர் துறை 2022 நவம்பரில் வலியுறுத்தியது. அது ஒன்றிய அரசுப் பணியிடங்களுக்கானது. ‘திட்டப் பணி’ என்ற பெயரே அதற்கு வெளியே நிற்கும் காரணமாகலாகாது என்பது நம் நிலைப்பாடு. நிதி பொதுப்பணமாக இருக்கும்போது தேர்வுக்குழுவின் அமைப்பும் தெரிவுப் பட்டியலும் பொதுவெளிக்கு வரவேண்டும்.

எப்படிப் பேசுவது?

தனியாளாகக் கேட்பவர் ‘சிக்கலானவர்’ என முத்திரை குத்தப்படுவார். எனவே ஆய்வாளர் அமைப்பின் வழியாகவும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவு வழியாகவும் எல்லோருக்குமான மாதிரிப் பிரிவுகளைக் கோருவது பாதுகாப்பானது. கையொப்பத்துக்கு முன்பே பேச வேண்டும். பிறகு பேரத்துக்கு இடம் குறைவு. படி தர மறுத்தால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தரவேண்டும். வணிக இரகசியம் எனக் காட்டி 8(1)(ஈ) பிரிவின்கீழ் மறுக்க வாய்ப்புண்டு. அப்போது ஊதியம், பணியிடம், தேர்வுமுறை ஆகிய பகுதிகளை மட்டும் பிரித்துத் தருமாறு 10ஆம் பிரிவின்கீழ் கோரலாம்.

ஆய்வகத்திலும் களத்திலும் நம் உழைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒப்பந்தத் தாளில் அதற்குரிய வரி எழுதப்படும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.