முட்டியைத் திறக்கப் பயந்த காலம்

150 வருஷத்துக்கு முன்னால் முழங்கால் மூட்டைக் கத்தியால் திறக்க லேசில் யாரும் துணியமாட்டார்கள். சீழ் வைத்தால் கால் போகும். பல சமயம் ஆளே போவார். 1877-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஜோசப் லிஸ்டர் ஒரு முட்டியைத் திறந்து, உடைந்த முட்டிச் சில்லை வெள்ளிக் கம்பியால் கட்டினார். நோயாளி செத்தால் இவர்மேல் வழக்குப் போடணும் என்று இன்னொரு டாக்டர் கறுவியதாகக் கதை. கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தின் தயவில் புண் ஆறிவிட்டது.

அந்தத் துணிச்சலின் வழியில் வந்ததுதான் ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்கு நார்) ஆபரேஷன். 1895-ல் லீட்ஸில் மேயோ ராப்சன், 41 வயது சுரங்கத் தொழிலாளியின் அறுந்த குறுக்கு நார்களை கேட்கட் நூலால் தைத்தார். 1917-ல் பிரிஸ்டலில் ஹே குரோவ்ஸ், தொடையின் பக்கவாட்டுச் சவ்வைப் பட்டையாக எடுத்து, எலும்பைத் துளைத்துக் கோத்துப் புது நாரே ஆக்கினார்.

புது வம்பும் அதோடு வந்தது. எடுத்துப் பொருத்திய நாருக்கு ஆரம்பத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு, தொற்று வராமலிருக்க நரம்பில் போட்ட மருந்து எப்படிப் போகும்?

தியேட்டர் நர்ஸ் நான். அந்த நார் என் மேசைக்குத்தான் வரும். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, மடித்து, நுனிகளைத் தைத்து முடிப்பதற்குள் எத்தனை கையுறை, எத்தனை கருவி அதில் பட்டுவிடுகிறது! தோலில் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்கு அது போதும்.

வழி கண்டது ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில். கிறிஸ்டோபர் வெர்டுல்லோ குழு 2012-ல் வெளியிட்ட கணக்கில், நரம்பு வழி மருந்து மட்டும் பெற்ற 285 பேரில் 4 பேருக்கு மூட்டில் தொற்று. அதோடு நாரையும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கில் நனைத்த காஸில் சுற்றி வைத்த 870 பேரில் ஒருவருக்கும் இல்லை. முன்னே ஒரு கூட்டம், பின்னே ஒரு கூட்டம் என்று ஒப்பிட்ட கணக்குதான். சீட்டுக் குலுக்கிப் பிரித்ததல்ல. ஆனாலும் பிற்பாடு மற்றவர்கள் பார்த்த கணக்குகளும் அதே பக்கம்தான் சாய்ந்தன.

நானும் 500 மில்லிகிராம் வான்கோமைசின் பொடியை 100 மில்லி சலைனில் கரைப்பேன். மில்லிக்கு 5 மில்லிகிராம். காஸை முக்கி, லேசாகப் பிழிந்து, நாரைச் சுற்றி வைப்பேன். நார் மருந்தைக் குடித்துக்கொண்டு, மூட்டுக்குள் போனபின் மெள்ளக் கசியவிடும். போர்னியோ மண்ணில் கண்ட கிருமி தந்த மருந்து இது. 1950களில் பழுப்பாக இருந்ததால் ‘மிசிசிப்பிச் சேறு’ என்று பட்டப்பெயர். இப்போது வெள்ளைப் பொடி.

வேறு மருந்துக்கு மசியாத கிருமிக்கென்று வைத்திருப்பதை இப்படிச் செலவழிக்கலாமா என்று ஆட்சேபிக்கும் டாக்டர்கள் உண்டு. அது வெறும் வீம்பல்ல. ஆனால் முட்டியில் தொற்று வந்தால் திரும்பத் திறந்து கழுவணும், வாரக்கணக்கில் ஊசி போடணும், சில சமயம் நாரையே எடுக்கணும். என் ஓட்டு காஸுக்குத்தான்.